கரண்ட் போன பிறகும் தாங்குகிற ஃபில்டர் எது?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் வீட்டில் மூன்றடி மீன்தொட்டியும் அதற்கு ஒரு கேனிஸ்டர் ஃபில்டரும் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) இருந்தன. ரப்பர் மரங்களும் வாழைகளும் போஸ்ட் கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப ஐந்து நாள் ஆனது. அதுவரை அம்மாவும் நானும் மாறி மாறிச் செம்பில் தொட்டித் தண்ணீரைக் கோரி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். மீன்கள் பிழைத்துக்கொண்டன. கரண்ட் வந்த சந்தோஷத்தில் நான் கேனிஸ்டரை அப்படியே ஓடவிட்டேன். அழுகிய முட்டை நாற்றத்தோடு கலங்கல் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்தது. மறுநாள் காலையில் மூன்று கோல்டுஃபிஷ் மிதந்தன.

ஃபில்டரின் முக்கிய வேலை அழுக்கைப் பிடிப்பது இல்லை. மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் குடியிருக்கிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். கேனிஸ்டர் மூடிய டப்பா என்பதால் ஓட்டம் நின்ற சில மணி நேரத்திலேயே உள்ளே மூச்சு முட்டிவிடும். நீண்ட நேரம் நின்றிருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டி, உள்ளிருப்பதை அலசிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும். அன்று எனக்கு இது தெரியாது.

அதற்காகக் கேனிஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். நான்கடித் தொட்டியில் பெரிய மீன்கள், வீட்டில் இன்வெர்ட்டர் என்றால் அதற்கு ஈடில்லை, சத்தமும் குறைவு. ஆனால் விலை சில ஆயிரம் ஆகும். இரண்டடித் தொட்டிக்கு அது தேவையே இல்லை.

இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் ஏறக்குறைய 55 லிட்டர். இந்த அளவில் போட்டி ஹேங் ஆன் ஃபில்டருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கும்தான். பின்கண்ணாடியில் தொங்கும் ஹேங் ஆனில் தண்ணீர் பளிச்சென்று தெளியும், கையைத் தொட்டிக்குள் விடாமலே கழுவலாம். மணிக்குத் தொட்டி அளவைப்போல நாலைந்து மடங்கு, அதாவது 250 லிட்டர் தள்ளினால் போதும். பெட்டியில் போட்டிருக்கும் எண் ஸ்பாஞ்ச் வைக்காமல் அளந்தது. கொஞ்சம் கூடுதலாகவே பார்த்து வாங்குங்கள். கப்பி குஞ்சுகளை உறிஞ்சிவிடும் என்பதால் உறிஞ்சுகுழாய் வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருக வேண்டும். கரண்ட் போய் வந்தால் சிலது தானாக ஓடாது, பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். நாம் வீட்டில் இல்லாத நேரம் என்றால் மோட்டார் வெறுமனே சுற்றிச் சூடாகும்.

ஏர் பம்பின் காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் பார்க்க அழகாக இருக்காது, பம்ப் முனகும். மடித்த துண்டின் மேல் பம்பை வைத்தால் பாதிச் சத்தம் அடங்கும். இருந்தாலும் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி மழையிலும், வருடத்துக்கு இரண்டு முறை கரண்ட் படுத்தும் நம் மாவட்டத்தில் என் ஓட்டு இதற்குத்தான். ஸ்பாஞ்ச் திறந்த தண்ணீரில் நிற்பதால் பாக்டீரியா சட்டென்று சாகாது. அதே குழாயைப் பேட்டரி பம்பிலோ, பவர் பேங்கில் ஓடும் சின்ன யுஎஸ்பி பம்பிலோ மாட்டினால் ராத்திரி முழுக்கக் குமிழி வரும். பம்பும் ஸ்பாஞ்சும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான்.

எதை வாங்கினாலும் புதுத் தொட்டியில் பாக்டீரியா பெருகிப் பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சித்தி மகன் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்சைக் காயவிடாமல் ஈரத்தோடு தந்தான். அதைப் புதியதன் பக்கத்தில் போட்டதால் எனக்குச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீர்தானே என்று மெத்தனமாகவும் இருக்க வேண்டாம். மழைக்குப் பிறகு கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டார்களா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழேதான் இடம் என்றால் குழாயின் நடுவில் தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும்.