கும்பகோணத்தில் பார் கவுன்சில் பதிவு விண்ணப்பம்: கடையின் வேலை நேர்த்தி, கணக்கும் யோசனையும் சரியில்லை

கும்பகோணம் கோர்ட் பக்கத்தில் இருக்கும் இந்த டைப்பிங் கடை, சட்டப்படிப்பு முடித்தவர்கள் பார் கவுன்சிலில் (வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவதற்கான விண்ணப்பத்தை முழுசாகத் தயாரித்துக் கொடுக்கிறது. காகித வேலையில் குறையே சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், பட்டச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் பெயரை இனிஷியல் வரை ஒப்பிடுகிறார்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் என்றிருந்தால் அங்கேயே நிறுத்தி அபிடவிட் போடச் சொல்கிறார்கள். இதனால் சென்னைக்கு ஒரு தடவை அலைவது மிச்சமாகிறது. காரைக்கால்காரர்களுக்கும் இதே தமிழ்நாடு-புதுச்சேரி பார் கவுன்சில்தான்.

கடைக்கூலியையும் பதிவுக் கட்டணத்தையும் ஒரே தொகையாகச் சொல்வதுதான் தப்பு. பிரித்துக் கேளுங்கள். 1961 வழக்கறிஞர்கள் சட்டம் 24(1)(எஃப்) பிரிவுப்படி மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 100, 25. அதோடு முத்திரைத் தீர்வை இருந்தால் அது. வேறு எதுவும் பதிவுக்கு நிபந்தனையாக இருக்கக்கூடாது. பல மாநிலங்களில் வெவ்வேறு தலைப்பில் ஆயிரக்கணக்கில் வாங்கிவந்ததை, அரசியலமைப்பின் 14 (சமத்துவம்), 19(1)(ஜி) (தொழில் செய்யும் உரிமை) உறுப்புகளுக்கு விரோதம் என்று கௌரவ் குமார் வழக்கில் 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அதற்கு முன் கட்டியவர்களுக்குப் பணம் திரும்பாது. ‘விருப்பக் கட்டணம்’ என்ற பெயரிலும் வாங்கக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் மறுபடி சொன்னது.

ரிட்டயர் ஆனவர்களிடம் “45 தாண்டிட்டா முடியாது சார்” என்கிறார்கள். அந்த விதியை உச்ச நீதிமன்றம் 1995-லேயே ரத்து செய்துவிட்டது. வயது அதிகம் என்று காட்டித் திருப்பி அனுப்ப எந்தச் சட்டமும் இல்லை.

எஃப்.ஐ.ஆர். விஷயத்தில் இவர்கள் சொல்வதைக் கேட்கவே கேட்காதீர்கள். ஹைட்ரோகார்பன் போராட்டம், சாலை மறியல் என்று டெல்டா மாணவர்கள் மேல் வழக்கு இருப்பது சகஜம். “எழுதாம விட்ருங்க தம்பி” என்பது ஆபத்தான யோசனை. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஏ பிரிவு தடுப்பது ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை; வழக்கு நிலுவையில் இருப்பதை அது சொல்லவில்லை. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்துப் பதிவு பெற்றால், 26-ஆம் பிரிவின்படி பெயரையே நீக்க முடியும். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை நகல்களோடு உள்ளதை எழுதுங்கள். நிராகரிக்க நினைத்தால், காரணத்தை எழுதி இந்திய பார் கவுன்சிலின் கருத்தைக் கேட்க வேண்டியது மாநிலக் கவுன்சிலின் கடமை. அந்தக் காரணம்தான் பின்னால் ரிட் மனுவுக்கு அடிப்படை.

பதிவுக்குப் பின் வழக்காட எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வுக்கும் இங்கேயே விண்ணப்பிக்கலாம். அதை எதிர்த்து இனி பயனில்லை; 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வு செல்லும் என்றுவிட்டது.

டைப்பிங்குக்கும் சரிபார்ப்புக்கும் தாராளமாகப் போகலாம். கூலிக்குத் தனி ரசீது வாங்குங்கள், பதிவுக் கட்டணத்தை உங்கள் கையாலேயே கட்டுங்கள்.