லைடாரா, கேமராவா? குட்டி ரேஸ் கார் கட்டும் மாணவர்களுக்கு

தானாக ஓடும் ரேஸ் கார் கட்டலாம் என்று ஒரு மாணவர் அணி இறங்கியதும் முதல் சண்டை இதில்தான் வரும்: காருக்குக் கண்ணாக எதை வைப்பது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2016-இல் தொடங்கிய எஃப்1டென்த் (இப்போது ரோபோரேசர்) என்ற குட்டி ரேஸ் கார் திட்டம், லேசர் ஒளியால் சுற்றிலும் தூரம் அளக்கும் லைடார் கட்சி. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும் ஒரு கேமராவும் ஏற்றிய டாங்கி கார் எதிர்க்கட்சி.

காசு என்று பார்த்தால் போட்டியே இல்லை. எஃப்1டென்த் வழக்கமாகப் பயன்படுத்தும் ஹோகுயோ யுஎஸ்டி-10எல்எக்ஸ் லைடார் மட்டுமே ஆயிரம் டாலரைத் தாண்டும். அதற்குமேல் ஜெட்சன் என்ற கணினி, விஇஎஸ்சி மோட்டார் கன்ட்ரோலர், 1/10 அளவு சேஸிஸ் வேறு. அந்த லைடார் காசில் மூன்று டாங்கி கார் கட்டிவிடலாம்.

ஆனால் லைடார் கார் சுவரில் மோதிய பிறகுதான் அந்தக் காசு எங்கே போனது என்று புரியும். பதிவான ஸ்கேனை, அதாவது லைடார் சுற்றிலும் அளந்த தூரங்களை, திரும்ப ஓட்டினால், கார் எந்த இடைவெளியைத் திறந்த வழி என்று நினைத்தது என்பது திரையில் தெரியும். அது வழி தேடும் 'ஃபாலோ தி கேப்' முறையே எளிது: மிக அருகில் உள்ள புள்ளியைச் சுற்றி ஒரு வட்டத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பெரிய இடைவெளியை நோக்கித் திருப்புவது. நேர்ச்சாலையில் பாம்பு மாதிரி நெளியும். ஆனால் ஏன் நெளிகிறது என்று கண்டுபிடிக்க முடியும்.

டாங்கி கார் நீங்கள் ஓட்டியதைப் பார்த்துப் பழகுகிறது. 160x120 பிக்சல் படம் உள்ளே போகும், ஸ்டியரிங்கும் த்ராட்டிலும் வெளியே வரும். உங்கள் தப்பையும் சேர்த்தே கற்கும். திரைச்சீலையை விலக்கி வெயில் உள்ளே வந்தால் குழம்பும். ஏன் என்று கேட்டால் பதில் கிடைக்காது. இன்னும் படம் எடுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டியதுதான்.

வேகத்துக்கு வருவோம். ஹோகுயோ நொடிக்கு 40 ஸ்கேன் தரும். 5 மீ/நொடி வேகத்தில் கார் இரண்டு ஸ்கேனுக்கு நடுவே 12.5 செ.மீ. நகரும். டாங்கியின் இயல்பான 20 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 20 முறை) 25 செ.மீ. சரி, மலிவு லைடார் வாங்கலாமே? ஆர்பிலைடார் ஏ1 சாதாரணமாக நொடிக்கு 5.5 சுற்றுதான். அதே வேகத்தில் 90 செ.மீ. குருட்டு ஓட்டம்.

லைடாருக்கும் குறை உண்டு. ஒரே தளத்தை மட்டும் பார்ப்பதால், பிரேக் போட்டு மூக்கு தாழ்ந்தால் தரையைச் சுவர் என்று நினைக்கும். கண்ணாடிக் கதவு அதற்குச் சரியாகத் தெரியாது. தரையில் ஒட்டிய டேப் கோடு அறவே தெரியாது. அதனால் போட்டி விதியை முதலில் படியுங்கள்: சுவர் இல்லாமல் கோடு மட்டும் போட்ட டிராக் என்றால் கேமராதான், விவாதமே வேண்டாம்.

அமேசானின் டீப்ரேசர் 1/18 அளவில் முழுதாகக் கட்டியே வந்த கார். சிமுலேட்டரில் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் (சரியாகச் செய்தால் புள்ளி கொடுத்துப் பழக்கும் முறை) பழக நல்லதாக இருந்தது; கார் கட்ட ஆசைப்பட்டவர்களுக்கு அதில் வேலை இல்லை.

என் ஓட்டு: டிராக்கில் சுவர் இருந்து, இரண்டு வருடம் ஒரே காரில் வேலை செய்யப்போகிற அணி என்றால் ஹோகுயோ. ஒரு செமஸ்டர்தான் என்றால் டாங்கி. கையில் பாதிக் காசுதான் இருக்கிறது என்று மெதுவான லைடாரில் போய் நிற்காதீர்கள். அதற்குக் கேமராவே மேல்.