நங்கூரப் படம் போட்ட பெட்டியை நம்பி டிராக்டருக்கு ஸ்பீக்கர் வாங்கியவனின் எச்சரிக்கை

கடந்த மே மாதம் 9ஆம் தேதி, வேலூரில் உள்ள ஒரு வாகன ஒலிச்சாதனக் கடையில் 14,200 ரூபாய் கொடுத்து, என் தம்பியின் டிராக்டரில் இருந்த பழைய ஸ்பீக்கர்களை மாற்றி, புதிதாக இரண்டு ஸ்பீக்கர்களும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் பொருத்தினோம். மூன்றே மாதத்தில் ஸ்பீக்கர்களில் ஒன்று ஊமையாகிவிட்டது, மற்றொன்று கரகரக்கிறது, டிராக்டரோ தீப்பற்றாமல் தப்பியது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே முறையில் விற்கும் கடைகள் வேறு ஊர்களிலும் இருக்கும் என்பதால், பெயரைவிட விற்கும் முறையைத் தெரிந்துகொள்வதே மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

தம்பி அணைக்கட்டுப் பக்கம் குடியிருக்கிறான். ஒடுகத்தூர், பள்ளிகொண்டா வரை வாடகைக்கு உழவு ஓட்டுகிறான். காலை ஆறு மணிக்கு இருக்கையில் ஏறினால் இருட்டும்போதுதான் இறங்குவான் என்பதால், பாட்டு அவனுக்கு ஆடம்பரம் அன்று. மேற்கூரை மட்டும் உண்டு, நான்கு பக்கமும் திறப்பு. வேலூர் வெயில், ரொட்டவேட்டர் கிளப்பும் புழுதி, சேற்றுழவான சேடை ஓட்டும்போது தெறிக்கும் சேறு, சாரல் எல்லாம் மட்கார்டின்மேல் இருக்கும் ஸ்பீக்கர்மீதுதான் விழும். பழைய ஜோடி இப்படித்தான் போயிற்று. ஆகவே தண்ணீருக்குத் தாங்கும் ஸ்பீக்கர் வேண்டும் என்று கடையில் முதலிலேயே சொன்னோம்.

கடைக்காரர் உள்ளே போய் நங்கூரப் படம் போட்ட ஒரு பெட்டியை எடுத்து வந்தார். அதில் ‘மரைன்’ என்றும், ‘ஐபி67’ என்றும், ‘400 வாட்’ என்றும் அச்சிட்டிருந்தது. “சார், இது பாய்மரப் படகில் சுக்கான் பிடிக்கிறவர் உட்காரும் இடத்தில் வைப்பது. கடல் தண்ணீருக்கே ஒன்றும் ஆகாது, உங்கள் சேற்றுக்கா ஆகப்போகிறது?” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். முப்பது ஆண்டுகள் பத்தாம் வகுப்புக்கு ஓம் விதி நடத்திய ஆசிரியன் நான். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக்கூடக் காம்பில் முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குகிறவன், 400 வாட் என்ற எண்ணை ஒரு பெருக்கல்கூடப் போட்டுப் பார்க்காமல் ஒப்புக்கொண்டேன் என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஸ்பீக்கர் ஜோடிக்கு 7,800, ஆம்ப்ளிஃபயருக்கு 4,600, வயரும் கூலியும் 1,800 என்று கணக்குப் போட்டு, ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பில் கேட்டதற்கு, பில் போட்டால் வரி தனியாக ஆகும் என்றார்கள். வரியை மிச்சப்படுத்துவதாக நினைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தச் சீட்டில் கடையின் முத்திரை இருந்ததே தவிர, தமிழ்நாட்டுக்குரிய 33 என்று தொடங்க வேண்டிய பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண் இல்லை.

முதல் வாரம் சத்தம் பலமாகத்தான் இருந்தது. ஆனால் மேளத்தின் அடி மட்டும் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்டது. புதிது என்பதால் போகப்போகச் சரியாகும் என்று கடையில் சொன்னார்கள். இரண்டாவது வாரத்தில் வேலை இல்லாமல் மூன்று நாள் நின்றிருந்த டிராக்டர், நான்காம் நாள் காலையில் கிளம்பவில்லை, பேட்டரி இறங்கிப்போயிருந்தது. அதையும் பேட்டரி பழசு என்று நினைத்து விட்டுவிட்டோம். ஜூன் 3ஆம் தேதி மாலையில் ஒரு கோடை மழை அடித்தது. அரை மணி நேர மழைதான். மறுநாள் இடப்பக்க ஸ்பீக்கர் காகிதம் கிழிவதுபோல் கரகரத்தது.

வாங்கிய 26ஆம் நாள் கடைக்குப் போனோம். “தண்ணீர் பட்டால் வாரண்டி கிடையாது” என்றார், கடல் தண்ணீருக்கே ஒன்றும் ஆகாது என்று சொன்ன அதே மனிதர். அவர் சொன்னதையே அவருக்கு நினைவூட்டியபோது, படகில் பொருத்துவதுபோல் பொருத்தினால்தான் அது தாங்கும், டிராக்டரில் தாங்காது என்றார்; பொருத்தியதே அவர் கடை ஆள்தான். கம்பெனிக்கு அனுப்புவதாகச் சொல்லி இடப்பக்க ஸ்பீக்கரை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறு வாரம் அலைய விட்டு, துடைத்துப் பளபளப்பாக்கி, அதே கரகரப்போடு திருப்பித் தந்தார்கள். அதைத் திரும்ப மாட்டிய சில நாளில் அந்தக் கரகரப்பும் அடங்கி, அது ஊமையாயிற்று.

உண்மை வெளிப்பட்டது ஆடிக் கிருத்திகைக்கு அக்காள் மகன் ஊருக்கு வந்தபோது. சென்னையில் பாய்மரப் படகுகளுக்கும் இயந்திரப் படகுகளுக்கும் மின்வேலை பார்ப்பவன் அவன். அதற்கு முந்தைய நாள்தான் தம்பி உழவின் நடுவே ரப்பர் கருகும் வாடை வருகிறது என்று வண்டியை நிறுத்தி, பேட்டரி வயரைப் பிடுங்கிப் போட்டிருந்தான். மருமகன் மட்கார்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, பாட்டுப் போனது போகட்டும், முதலில் இந்த வயரைப் பாருங்கள்” என்றான்.

பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயர், மட்கார்டில் துளைத்த ஓட்டை வழியாக, இடையில் ஒரு ரப்பர் வளையம்கூட இல்லாமல் போயிருந்தது. டிராக்டரின் அதிர்வில் தகட்டின் விளிம்பு வயரின் மேலுறையை அறுத்து, உள்ளிருக்கும் உலோகம் தகட்டில் உரசத் தொடங்கியிருந்தது. வண்டியின் உடல் முழுவதும் பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்திருப்பது என்பதால், அந்த உரசல்தான் ஷார்ட் சர்க்யூட். ஃபியூஸ் இல்லையா என்றால், இருந்தது, ஆனால் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் இருந்தது. அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றுமே தவிர, பேட்டரிக்கும் அதற்கும் நடுவே உள்ள வயரைக் காப்பாற்றாது. நடுவழியில் வயர் தகட்டைத் தொட்டால், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் அளவுக்கு வலுவுள்ள பேட்டரி தன் மின்னோட்டம் முழுவதையும் அந்த மெல்லிய வயருக்குள் தள்ளும். டீசல் தொட்டியோ அதிக தொலைவில் இல்லை. படகில் இப்படி ஒரு வயரைப் பேட்டரியிலிருந்து இழுத்தால் ஏழு அங்குலத்துக்குள் ஃபியூஸ் வைக்க வேண்டும் என்று விதி இருப்பதாகவும், நடுக்கடலில் தீப்பிடித்தால் இறங்கி ஓட இடமில்லை என்பதால் அதில் யாரும் சமரசம் செய்வதில்லை என்றும் மருமகன் சொன்னான்.

அந்த வயரைப் பிளேடால் சுரண்டிக் காட்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் என்பதால், அதே தடிமனில் அது கூடுதலாகச் சூடாகும். சீட்டில் ‘செம்பு வயர்’ என்று எழுதியிருந்தது. உப்புக்காற்றில் செம்பே பச்சை பிடித்து அரித்துவிடும் என்பதால், படகுகளுக்கு வெண்மையாகத் தெரியும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் போடுவார்களாம். நமக்கு அது தேவையில்லை. சாதாரணச் செம்பு போதும், ஆனால் அது செம்பாக இருக்க வேண்டும்.

அடுத்து ஸ்பீக்கரின் முறை. கரகரத்த கூம்பின் கருப்பு மினுமினுப்பை நகத்தால் உரித்தால் உள்ளே பழுப்புக் காகிதம் தெரிந்தது; மழையில் ஊறி உப்பிய காகிதம் அதோடு ஒட்டிய கம்பிச்சுருளைக் கோணலாக இழுத்ததுதான் அந்தக் கரகரப்பு. படகுக்கென்றே செய்யப்படும் ஸ்பீக்கரில் கூம்பு பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கிலும், ஓரம் ரப்பரிலும், திருகுகள் துருப்பிடிக்காத எஃகிலும் இருக்கும். மேல்வலை வெயிலில் வெளுத்து நொறுங்காத பிளாஸ்டிக்கில் இருக்கும். எங்களுடையதில் காந்தத்தைச் சுற்றி மூன்று மாதத்தில் துரு. ஐபி67 என்றால் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு: தூசி அறவே புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் கெடாது என்று பொருள். டிராக்டருக்கு முக்கியம் அந்த முதல் எண்தான். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அந்தப் பொருள் தூசிக்குச் சோதிக்கப்படவே இல்லை என்று அர்த்தமாம். எங்கள் பெட்டியில் எண் என்னவோ சரியாகத்தான் இருந்தது, அச்சிடுவதற்கு என்ன செலவு!

400 வாட்டின் கதை இன்னும் எளிது. ஆம்ப்ளிஃபயரின் ஃபியூஸ் 10 ஆம்பியர். பேட்டரி 12 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 120 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் 400 எங்கிருந்து வெளியே வரும்? அந்தப் 120இலும் ஒரு பெரும்பங்கு வெப்பமாகப் போய்விடும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது நொடிப்பொழுது உச்சம் என்று சொல்லிக்கொள்ளும் எண். நாம் பார்க்க வேண்டியது ‘ஆர்எம்எஸ்’ என்று குறிப்பிடப்படும் தொடர்ந்த வாட். எங்கள் பெட்டியில் அது இல்லவே இல்லை.

மேளம் மெலிந்து கேட்டதற்குக் காரணம், ஒரு ஸ்பீக்கரில் கூட்டலும் கழித்தலும் மாறியிருந்தது. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுப்பதால் கனத்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் தொட்டுப் பார்த்தால், கூம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதிலிருந்து அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பேட்டரி இறங்கியதற்கும் காரணம் கிடைத்தது. சாவியோடு சேர்ந்து அணைய வேண்டிய ஆம்ப்ளிஃபயரை நேராக பேட்டரியில் கொடுத்திருந்தார்கள். பாட்டில்லாமலேயே 0.8 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று நாளில் அது 58 ஆம்பியர்-மணிக்கு அருகில் வரும், எங்கள் பேட்டரியின் கொள்ளளவே 75.

மறுநாள் மூவருமாகக் கடைக்குப் போய்க் காட்டியபோது, 3,000 ரூபாய் தருவதாகவும் பொருளை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்படியும் சொன்னார்கள். பொருளை விட்டால் சாட்சி போய்விடும் என்று மறுத்துவிட்டோம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று தெளிவாக இருக்கிறது. பில்லில் காலக்கெடு எழுதவில்லை என்றால் 30 நாள். நாங்கள் 26ஆம் நாளில் போனதற்கு, ஸ்பீக்கரைப் பெற்றுக்கொண்டதாக அவர்களே தேதி போட்டு எழுதிக் கொடுத்த சீட்டு சாட்சியாக இருக்கிறது. அந்தத் தேதியை எழுதும்போது அவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். உதவி எண்ணில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு செய்தால் போதும்.

உதவி எண் வழியாக அனுப்பிய புகாருக்குக் கடையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. நங்கூரப் படம் போட்ட பெட்டியும், சுரண்டிய வயரும், உப்பிய ஸ்பீக்கரும் சாக்குப்பையில் கட்டி என் வீட்டுப் பரணில் இருக்கின்றன. இதேபோன்ற பெட்டியை வாங்கிப் பொருத்தியவர்கள் இருந்தால், பாட்டு நன்றாகக் கேட்டாலும், பேட்டரி முனையிலிருந்து வயரைப் பின்தொடர்ந்து, ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பேட்டரிக்கு அருகில் அது இல்லையென்றால் அந்த வயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இரவில் வண்டியைக் கொட்டகையில் விடுங்கள்.