1பி1 ஆன்டிபாடி: ஆறு வருஷமாகப் பயன்படுத்தியதில் சொல்கிறேன்

பழ ஈயின் சினைப்பையில் ஸ்டெம் செல் எண்ணுகிறவர்களின் ஃபிரிட்ஜில் பெரும்பாலும் இந்தச் சின்னக் குழாய் இருக்கும். அயோவா பல்கலைக்கழகத்து ஹைப்ரிடோமா வங்கி (ஆன்டிபாடி சுரக்கும் செல்களைச் சேமித்துத் தரும் இடம்) தருகிற 1பி1, சுண்டெலி மோனோகுளோனல், அதாவது ஒரே வகைச் சுண்டெலிச் செல்லிலிருந்து வரும் ஆன்டிபாடி. பிடிப்பது எச்டிஎஸ் என்ற புரதத்தை. அந்தப் புரதம் ஃபியூசோமில், அதாவது முட்டையாகப் போகும் செல்களுக்குள் இருக்கும் ஒரு நுண் உறுப்பில், குவிந்திருப்பதால்தான் இதற்கு இவ்வளவு மரியாதை.

சினைப்பையில் முட்டை உருவாகத் தொடங்கும் முனைப் பகுதிதான் ஜெர்மேரியம். அதன் நுனியில், ஸ்டெம் செல்லுக்கு இடம் கொடுத்து வைத்திருக்கும் தொப்பிச் செல்களை ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று ஸ்டெம் செல்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஃபியூசோம் ஒற்றைப் பொட்டு மாதிரி தெரியும். மகள் செல் நுனியை விட்டு விலகி, நான்கு முறை பிரிந்து 16 செல் கொத்தாகும்போது அந்தப் பொட்டு கிளைவிட்டுச் செல்லுக்குச் செல் ஓடும். பொட்டா, கிளையா என்று பார்த்தாலே போதும், எந்த ஜீனைத் தொட்டதில் என்ன ஆனது என்று பாதி தெரிந்துவிடும்.

ஸ்டெம் செல்லை முட்டைப் பாதையில் இறக்கிவிடும் பேம் ஜீன் இல்லாத ஈயை முதன்முதலில் இதில் சாயமேற்றிப் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. தொப்பிச் செல்லிலிருந்து வரும் டிபிபி என்ற புரத சிக்னல், ஸ்டெம் செல்லுக்குள் பேமை வாய் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது. செல் நகர்ந்து சிக்னல் குறைந்ததும் பேம் விழிக்கும், செல் முட்டையாகும் பாதையில் இறங்கும். பேமே இல்லாவிட்டால் இறங்க வழியில்லை. ஃபோகஸைத் திருப்பத் திருப்பப் பொட்டு, பொட்டு, பொட்டு. கிளை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அந்த ஜீனுக்குக் 'கோலிக்குண்டுப் பை' என்று அர்த்தம் வரும்படி ஏன் பெயர் வைத்தார்கள் என்று அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. டிபிபியை அளவுக்கு மீறிச் சுரக்கவைத்தாலும் இதே காட்சிதான். அந்த சிக்னலை வாங்கும் ரிசெப்டரை எடுத்துவிட்டால் நேர்மாறு: ஸ்டெம் செல்கள் ஒவ்வொன்றாக இடத்தைக் காலி செய்துவிடும்.

குறையும் உண்டு. முட்டைக் கொத்தைச் சுற்றி மூடும் ஃபாலிக்கிள் செல்களின் சவ்விலும் இது ஏறும், புதிதாகப் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். அதைவிட முக்கியம், பொட்டு இருப்பதெல்லாம் ஸ்டெம் செல் இல்லை. அப்போதுதான் பிரிந்த மகள் செல்லிலும் பொட்டுதான். தொப்பிச் செல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் எண்ணிக்கை எழுதாதீர்கள். நான் உட்கரு உறையில் இருக்கும் லாமின் சி என்ற புரதத்துக்கான ஆன்டிபாடியையும் கூடவே போடுகிறேன். அதுவும் சுண்டெலிதான், நிறம் தரும் இரண்டாம் ஆன்டிபாடி எந்த விலங்கு என்று பார்த்துத்தான் ஒட்டும் என்பதால் இரண்டும் ஒரே நிறத்தில்தான் வரும், ஆனாலும் குழப்பம் இல்லை: தொப்பிச் செல்லின் உட்கரு வளையமாகத் தெரியும், ஃபியூசோம் பொட்டாகத் தெரியும். வாசா என்ற புரதத்துக்கு முயல் ஆன்டிபாடி போட்டால், ஸ்டெம் செல்லும் அதிலிருந்து வந்து முட்டைப் பாதையில் இருக்கும் செல்களும் எல்லாம் இன்னொரு நிறத்தில் தெளிவாகிவிடும்.

எனக்கு 1:20 விகிதத்தில், 4 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்தால் நன்றாக வருகிறது. புதுக் குழாய் வந்ததும் சாதாரண ஈயில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சோதனைக்கு எடுப்பேன். ஒருமுறை எங்கள் லேபில் ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கியதில் சிக்னல் மங்கி, இரண்டு வாரம் எண்ணியது வீணானது. மறுபடி எல்லா ஈயையும் அறுக்க வேண்டியதாயிற்று, மனசு ரொம்ப வலித்தது. வந்த அன்றைக்கே சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வையுங்கள். ஆர்டர் போடும்போதே லாமின் சி-யையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள், அதே வங்கியில் கிடைக்கும்.