பம்ப் மாறும்போதுதான் தெரியும்: கட்டடப் பராமரிப்பு மென்பொருள், நாள்பட்ட அனுபவம்

கட்டடப் பராமரிப்பு மென்பொருள் எதுவானாலும் முதல் மாதம் நன்றாகத்தான் ஓடும். எக்செல் தாளை ஏற்றினால் ஏ.எச்.யு. (காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம்), பம்ப், சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) எல்லாம் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். அதன் லட்சணம் தெரிவது முதல் பம்ப்பை மாற்றும் அன்றைக்கு.

குளிர்நீர் பம்ப் 2 எரிந்து புதுசு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய பதிவில் சீரியல் எண்ணை மட்டும் மாற்றினால், பழையதற்குச் செய்த பேரிங், சீல் செலவெல்லாம் புதுப் பம்ப்பின் கணக்கில் ஏறும். புதுப் பதிவு போட்டாலோ பிரஷர் சென்சார், மாதாந்திர வேலைச்சீட்டு எல்லாம் பழையதோடு போய்விடும். ஆகவே பதிவு இரண்டு வேண்டும். 'குளிர்நீர் பம்ப் 2' என்பது இடம். இன்று அங்கே மாட்டியிருப்பது இயந்திரம். சென்சாரும் அட்டவணையும் இடத்துக்கு, வாரண்டியும் பழுது வரலாறும் இயந்திரத்துக்கு. இந்தப் பிரிவு இல்லாத மென்பொருள், திரை எவ்வளவு பளபளத்தாலும், வேண்டாம்.

மொட்டை மாடியில் நிற்கும் ஏ.எச்.யு. மூன்றாம் மாடிக்குக் காற்று தரும். 'இருப்பிடம்' என்று ஒரே கட்டம் இருந்தால் ஆளுக்கொன்று எழுதிவைப்பார்கள். எங்கே நிற்கிறது, எதற்குக் கொடுக்கிறது இரண்டும் தனித்தனி. கட்டடத் தரவை வகைப்படுத்தும் பொது முறையான பிரிக் ஸ்கீமாவும் அப்படித்தான் பிரிக்கிறது. ஏ.எச்.யு. அனுப்பும் காற்றை அளக்கும் சப்ளை காற்று சென்சார் ஏ.எச்.யு.வுக்குக் கீழே, அறை சென்சார் அறைக்குக் கீழே.

சென்சார் பதிவில் பெயரும் அலகும் மட்டும் இருந்தால் பின்னால் தலைவலி. வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் சென்சாரான 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரில் டைப் 2, டைப் 3 என இரண்டு வகை உண்டு. 25 டிகிரியில் இரண்டும் 10,000 ஓம் என்பதால் அறையில் வைத்துச் சோதித்தால் சரியாகவே காட்டும். 7 டிகிரி குளிர்நீர்க் குழாயில் வகை மாறியிருந்தால் ஒரு டிகிரிக்கு மேல் தப்பும். பி.டி.100 என்ற பிளாட்டினம் வெப்ப சென்சார் இரண்டு கம்பியில் வந்தால், கம்பியின் ஒவ்வொரு ஓமும் சுமார் 2.6 டிகிரியைக் கூட்டிக் காட்டும். வகை, கம்பி எண்ணிக்கை, கடைசியாக அளவு சரிபார்த்த தேதி மூன்றையும் கட்டாயப் புலமாக வையுங்கள். மின் மீட்டருக்கு சி.டி. (பெரிய மின்னோட்டத்தை மீட்டருக்கேற்பக் குறைக்கும் கருவி) விகிதமும் வேண்டும்: 200/5 என்றால் பெருக்கம் 40. மீட்டரே பெருக்கி அனுப்பும்போது மென்பொருளும் பெருக்கினால் பில் 40 மடங்கு!

அலாரத்தை வெறும் வெப்ப அளவோடு கட்டாதீர்கள். சில்லர் நின்ற இரவெல்லாம் 'குளிர்நீர் சூடு' என்று கத்தும். நாலாம் நாள் யாரும் பார்க்கமாட்டார்கள். சில்லர் ஓடத் தொடங்கி 15 நிமிடம் கழித்தே எழும்படி, ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்லும் ரன் ஸ்டேட்டஸோடு சேர்க்க வேண்டும்.

கியூ.ஆர். ஸ்டிக்கரை ஃபில்டர் கதவில் ஒட்டாதீர்கள். பக்கத்து ஏ.எச்.யு.வின் கதவும் அதே அளவு. ஃபில்டர் கழுவும் நாளில் கதவு மாறும், வேலைச்சீட்டும் கூடவே மாறும். ஒட்டுவது பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், உடலில்.