சுகர் ஸ்ட்ரிப்பில் எந்த நொதி? வாங்குமுன் பார்க்க வேண்டிய ஒரு வரி

அப்பாவுக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் ஆரம்பித்ததும் வீட்டுக்குப் புது குளுக்கோமீட்டர் வாங்க வேண்டி வந்தது. ஒரு சொட்டு ரத்தம், சில நொடியில் விடை, போனில் பதிவு என்று பார்த்தால் கடையில் இருப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். நான் தேடியது ஸ்ட்ரிப்பின் நுனியில் பூசியிருக்கும் நொதி எது என்பதை. குளுக்கோஸை அடையாளம் காண்பது அந்தப் புரதம்தான். அங்கே உண்டாகும் மின்னோட்டத்தை எண்ணாக்கிக் காட்டுவதோடு மீட்டரின் வேலை முடிந்தது.

பழைய ஆள் குளுக்கோஸ் ஆக்சிடேஸ். 1962-இல் கிளார்க்கும் லயன்ஸும் நொதி மின்முனை என்ற யோசனையை முன்வைத்தது இதை வைத்துத்தான். மற்ற சர்க்கரைகளை அநேகமாகத் தொடாது. ஆனால் மின்முனைக்குப் போக வேண்டிய எலக்ட்ரான்களில் ஒரு பங்கை ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் பிடுங்கிக்கொள்ளும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்திருப்பவருக்கு அளவு குறைத்துக் காட்டலாம். அப்பாவுக்கு அவ்வப்போது அது தேவைப்படுவதால் இதை விட்டுவிட்டேன்.

அடுத்தது பி.க்யூ.க்யூ. வகை குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் (பி.க்யூ.க்யூ. என்பது நொதிக்கு உதவும் துணை மூலக்கூறின் பெயர்). ஆக்ஸிஜன் தொல்லை கிடையாது, வேகமும் அதிகம். சிக்கல் வேறு: இரண்டு குளுக்கோஸ் இணைந்த சர்க்கரையான மால்டோஸ் வந்தாலும் வீட்டு ஆள் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடும். எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான். டயாலிசிஸில் நீண்ட நேரம் வயிற்றில் நிற்கும் பைக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் (குளுக்கோஸ் சங்கிலிகளாலான பொருள்) கலந்த திரவம் கொடுப்பார்கள். அது உடலில் உடைந்து மால்டோஸாகி ரத்தத்தில் தங்கும். உண்மையான அளவு 60 ஆக இருக்கும்போது மீட்டர் 200-க்கு மேல் காட்டினால் என்ன செய்வோம்? இன்சுலின் போடுவோம். லோ சுகரில் இருப்பவருக்கு இன்சுலின்! 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகை ஸ்ட்ரிப் பற்றி எச்சரித்தபோது, 1997 முதல் 13 மரணங்கள் இதோடு தொடர்புடையதாகப் பதிவாகியிருந்தன. ஆய்வகத்தில் செய்யும் வழக்கமான ரத்தப் பரிசோதனை இதில் ஏமாறுவதில்லை. அதனால்தான் மீட்டரும் லேப் ரிப்போர்ட்டும் இவ்வளவு தூரம் விலகி நின்றன.

அதன் பிறகு அதே புரதத்தில் சில அமினோ அமிலங்களை மாற்றி, மால்டோஸைக் கண்டுகொள்ளாத திருத்திய வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். நல்ல வேலைதான். ஆனாலும் ரத்தத்தில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை மிகுந்தால் இதுவும் கூடுதலாகக் காட்டும் என்று அதன் தாளிலேயே போட்டிருக்கிறது. பெரியவர்களுக்கு இது பெரிய கவலையில்லை. கேலக்டோஸ் கோளாறோடு பிறக்கும் குழந்தைகளுக்குத்தான் முக்கியம். அந்த அனுபவம் எனக்கில்லை, குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

நான் எடுத்தது எஃப்.ஏ.டி. என்ற வேறு துணை மூலக்கூறு கொண்ட டிஹைட்ரஜனேஸ். பூஞ்சையிலிருந்து வருவது. ஆக்ஸிஜனும் பாதிக்காது, மால்டோஸும் ஏமாற்றாது. சைலோஸ் என்ற சர்க்கரை மட்டும் குழப்பும். குடல் உறிஞ்சுதலைப் பார்க்கச் சைலோஸ் குடிக்கவைத்துச் செய்யும் சோதனை ஒன்று உண்டு, அப்போது மட்டும் இதை நம்பக் கூடாது. அப்பா வயதில் அதற்கு வாய்ப்பு குறைவு.

நொதிக்குப் பதிலாக ஈ.கோலை பாக்டீரியாவின் குளுக்கோஸ் பிணைப்புப் புரதத்தையும் சிலர் சொல்வார்கள். குளுக்கோஸைச் செலவழிக்காமல் பிடித்துக்கொண்டு மூடும். ஒட்டிய ஒளிரும் சாயத்தின் ஒளி மாறும். இயல்பில் அது மைக்ரோமோலார் என்ற மிகக் குறைந்த குளுக்கோஸ் செறிவிலேயே நிரம்பிவிடுவதால், பிடியைத் தளர்த்தி, ரத்தத்தில் இருக்கும் மில்லிமோலார் (அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய அலகு) அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. படித்ததோடு சரி, விரலில் குத்திப் பார்த்ததில்லை.

ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் நான்காய் மடித்த தாளில், பொடி எழுத்தில், நொதியின் பெயர் இருக்கும். கடைக்காரர் பிரிக்க விடாவிட்டால் நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்கலாம். அப்புறம் ஒன்று: ஐகோடெக்ஸ்ட்ரினை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை மால்டோஸின் பாதிப்பு நீடிக்கலாம். அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், வார்டில் இருக்கும் மீட்டரின் நொதியையும் நர்ஸிடம் கேட்டுவிடுங்கள்.