மார்பக நீக்கத்துக்குப் பின் சிலிகான் இம்பிளாண்ட்: எட்டு ஆண்டு அனுபவம்

புற்றுநோய்க்காக வலது மார்பகத்தை முழுவதுமாக நீக்கி, அந்த இடத்தில் சிலிகான் இம்பிளாண்ட், அதாவது சிலிகான் ஜெல் நிரம்பிய செயற்கைப் பை, பொருத்திக்கொண்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அது பாதுகாப்பானதா என்று கேட்பவர்களுக்கு ஒரே சொல்லில் விடை தர என்னால் முடிவதில்லை. என் உடம்பில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

மார்பகத்தை நீக்கிய அன்றே மார்புத் தசைக்கு அடியில் எக்ஸ்பாண்டர் என்னும் விரிப்புப் பையை வைத்தார்கள். காயம் ஆறியபின், அதன் வாய் இருக்கும் இடத்தைத் தோலுக்கு மேலிருந்தே சிறிய காந்தத்தால் கண்டுபிடித்து, ஊசி வழியாக உப்பு நீரைச் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். தோல் மரத்துப் போயிருந்ததால் குத்தியது தெரியவில்லை. இரவில் தசை இழுபடும்போதுதான் வலித்தது. தோல் போதிய அளவு விரிந்தபின் பையை எடுத்துவிட்டு நிரந்தர இம்பிளாண்டை வைத்து, பிறகு கதிர்வீச்சு சிகிச்சையும் கொடுத்தார்கள்.

மரத்துப்போன அந்தத் தோலைப் பற்றி இன்னும் அழுத்தமாக என்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். முதல் ஆண்டில் ஒருநாள் தோள்வலிக்காக வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அது மார்பின் மேல் சரிந்ததை நான் உணரவே இல்லை. உடை மாற்றும்போதுதான் காசளவு கொப்புளம் கண்ணில் பட்டது. இம்பிளாண்டின் மேலுள்ள தோல் மெல்லியது. புண் ஆழமாகி உள்ளே கிருமி சேர்ந்தால் இம்பிளாண்டையே எடுக்க நேரிடலாம். நல்ல வேளையாக ஆறிவிட்டது. அன்று முதல் தொட்டுப் பார்ப்பதை நம்பாமல், குளித்து முடித்ததும் கண்ணாடி முன் நின்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

2019 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டதன்பேரில், அலர்கன் நிறுவனம் சொரசொரப்பான மேற்பரப்புள்ள தன் பயோசெல் வகை இம்பிளாண்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. பிஐஏ-ஏஎல்சிஎல் என்னும் அரிய நிணநீர்ப் புற்றுநோயுடன் அவற்றுக்குத் தொடர்பு இருந்ததே காரணம். இது மார்பகப் புற்றுநோய் அன்று. இம்பிளாண்டைச் சுற்றி உடல் உண்டாக்கும் தழும்புறையில் தோன்றும் நோய். பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து நீர் கோத்து வீங்குவதில்தான் வெளிப்படுகிறது. செய்தியைப் படித்த இரவு முழுவதும் நான் உறங்கவில்லை. என்னுள் இருப்பது எந்த வகை என்பதுகூட எனக்குத் தெரியாது. மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சிலிகான் இம்பிளாண்ட்’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இரண்டு வாரம் அலைந்து, அறுவை அரங்கப் பதிவேட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்த பிறகே, வேறொரு நிறுவனத்தின் சொரசொரப்பு வகை என்பது தெரிந்தது. அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் இம்பிளாண்டை எடுக்க வேண்டியதில்லை என்பதே திரும்பப் பெறப்பட்டவற்றுக்கும் அந்த நிர்வாகம் சொன்ன அறிவுரை. என் மருத்துவரும் அதையே சொன்னார், நானும் ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் வேறு காரணத்தால் ஐந்தாம் ஆண்டில் அதை எடுக்க வேண்டியதாயிற்று. தழும்புறை இறுகத் தொடங்கியது. வலப்பக்கம் மெல்ல மேலே ஏறி, பந்துபோல் கெட்டியாகி, ஒருக்களித்துப் படுக்கவே முடியாமல் போனது. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இது நேரும் வாய்ப்பு கூடுதல் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கேட்டுக்கொண்டேனே தவிர மனத்தில் ஏற்றிக்கொள்ளவில்லை. இறுகிய உறையையும் பழைய இம்பிளாண்டையும் எடுத்துவிட்டு, வழவழப்பான மேற்பரப்புள்ள ஒன்றை வைத்தார்கள். கதிர்வீச்சு தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள், வயிற்றுத் திசுவைக் கொண்டு மார்பகம் அமைக்கும் முறையையும் கட்டாயம் கேட்டறிய வேண்டும். அது பெரிய அறுவை, வயிற்றிலும் தழும்பு விழும். ஆனாலும் சொந்தத் திசு கதிர்வீச்சைப் பொதுவாக நன்றாகத் தாங்குகிறது. எதுவுமே வைத்துக்கொள்ளாமல் இருப்பதும் முழுமையான ஒரு முடிவுதான்.

இம்பிளாண்ட் ஆயுள் முழுவதும் நீடிக்கும் பொருள் அன்று. சிலிகான் பை கிழிந்தாலும் ஜெல் பெரும்பாலும் தழும்புறைக்குள்ளேயே தங்கிவிடுவதால், வலியோ வடிவ மாற்றமோ இல்லாமலே காலம் போகலாம். ஆகவேதான் அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்து, ஆறு ஆண்டுகளில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ.யும், பிறகு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எடுக்கச் சொல்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் மறுபடி இதையே தேர்ந்தெடுப்பேனா என்றால், ஆம். உடை அணியும்போது எனக்குக் கிடைக்கும் நிம்மதி எனக்கு மிகப் பெரிது. ஆனால் இரண்டாம் அறுவைக்கு முன் நிறுவனம், மேற்பரப்பு, அளவு மூன்றையும் எழுதி வாங்கினேன். மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் கேட்டது இம்பிளாண்டின் வரிசை எண் உள்ள அட்டையைத்தான். அதன் பின்புறம் முதல் ஸ்கேனுக்குரிய ஆண்டை என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன.